ஏழாம் ஊசி குழுவில் சேர்ந்த கதை

என் சித்தி கையில் எந்தத் துணி சிக்கினாலும் அதற்குள் ஒரு சீட்டு போய்விடும். பெயர், போன் நம்பர், வாங்கிக்கொள்ளும் நாள். தையல் தொழிலில் இருபது வருஷமாக ஊறிப்போன பழக்கம். சீட்டு இல்லாத துணி அநாதைத் துணி என்பாள். எனக்குக் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டு டப்பாவின் மூடியில்கூட என் பெயரும் அவள் நம்பரும் ஒட்டியிருக்கும். பட்டமளிப்பு விழா அன்று வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கி எனக்கு ஒரு முழம் நீளமாக இருந்தது. கீழ் மடிப்பை ஏற்றித் தைத்துக் கொடுத்தவள் சித்திதான். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி மேடையேறிப் பட்டம் வாங்கி, கீழே வந்து அங்கியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சித்தியின் நம்பர். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அதே பழக்கம் பின்னால் எங்களை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. வேலை கிடைத்து கிராமத்திலிருந்து வந்த நாள் முதல் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் கணினி வேலை எனக்கு. இரண்டு தெரு தள்ளி, பதினான்கு பேர் தைக்கும் ஒரு கூடத்தில் சித்திக்கு வேலை. எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. அந்தக் கூடத்தில் பதினோரு வருஷம் பொத்தான் தைத்தாள். அதனால் அங்கே அவளுக்குப் ‘பொத்தானக்கா’ என்றே பெயர். இரண்டு வருஷத்துக்கு முன் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஒன்று வந்து இறங்கியது. பன்னிரண்டு ஊசி, பன்னிரண்டு நூல், பக்கத்தில் ஒரு ஸ்கிரீன். படத்தை ஏற்றிப் பட்டனை அழுத்தினால் அதுவாகவே நிறம் மாற்றி மாற்றித் தைக்கும். எல்லோரும் பாம்பைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்று பார்த்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் இருந்த இரண்டு நாளும் நோட்டும் பென்சிலுமாக அவர் முதுகுக்குப் பின்னால் நின்றவள் சித்தி ஒருத்திதான். மூன்றாம் நாள் முதலாளி வேறு வழியில்லாமல் அந்த நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். அந்தச் செய்தியைச் சொல்ல அம்மா ஊரெல்லாம் போன் போட்டாள், நான் கல்லூரியில் சேர்ந்த அன்றுகூட அவ்வளவு பேருக்குப் போடவில்லை.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது.

ஒரு விளையாட்டுக் கழகத்துக்கு இருநூற்று எண்பது சட்டைச் சின்னம் தைக்க வேண்டும். மெஷின் பத்துத் தையல் போடும், நின்றுவிடும். ‘நூல் அறுந்தது’ என்று ஸ்கிரீன் சொல்லும். பார்த்தால் நூல் முழுசாக இருக்கும். மறுபடி ஓட்டினால் மறுபடி நிற்கும். சித்தி ஊசி மாற்றினாள், நூல் மாற்றினாள், தூசி துடைத்தாள், அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றி மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மெக்கானிக்கை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அவர் மற்ற வேலைகளை முடித்துவிட்டுச் சாயங்காலம் வருவார். அவர் வந்து நின்றால் மெஷின் சொன்னபடி கேட்கும். இரண்டாம் தடவை அவர் பையை மூடிக்கொண்டே, மெஷின் நல்லாத்தான் இருக்கு, ஓட்டுற ஆளைப் பாருங்க என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். கட்டிங் மாஸ்டருக்கு வாயில் சர்க்கரை போட்டதுபோல் ஆகிவிட்டது. பொத்தானக்காவுக்கு மறுபடியும் பொத்தான் டப்பாவை எடுத்து வைக்கட்டுமா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். சனிக்கிழமை மத்தியானம் வரை பார்ப்பேன், அதற்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆளைப் போடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இதைச் சித்தி என்னிடம் சொன்னது புதன்கிழமை சாயங்காலம். அழவில்லை. நோட்டைத் தூக்கி மேசையில் போட்டுவிட்டு, “உலகத்துல இந்த மெஷினை நான் ஒருத்தியாடா ஓட்டுறேன்? வேற யாராவது எங்கயாவது உக்காந்து இதையே திட்டிக்கிட்டு இருப்பாங்கல்ல? அவங்களைப் புடிச்சுக் குடு” என்றாள்.

படித்தவனிடம் கேட்டுவிட்டாள். சட்டையின் கையை மடித்துக்கொண்டு தேடினேன். தையல் மெஷின் உதவி என்று போட்டதும் முதலில் வந்தது ஓர் அரட்டைக் குழு. பன்னிரண்டாயிரம் பேர் இருந்தார்கள். இவ்வளவு பேர் இருக்கிற இடம் தப்பாக இருக்குமா என்றேன். ஒரு தட்டு தட்டினேன், உள்ளே இருந்தோம். யார் என்று கேட்பார் இல்லை. பூப்படம், காலை வணக்கம், நூல் விளம்பரம், வீட்டிலிருந்தே வேலை என்ற அறிவிப்பு என்று விறுவிறுவென ஓடிக்கொண்டிருந்தது. சித்திக்கு ஒரே பரபரப்பு. ஒற்றை விரலால் தன் மெஷினின் கதையை அடித்தாள். கடைசியில் கை தானாகப் போய் முழுப் பெயர், போன் நம்பர், கூடத்தின் பெயர், தெரு எல்லாவற்றையும் போட்டது. ஞாயிறு விடுமுறை என்றும் சேர்த்தாள். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை, கடிதம் என்றால் முடிவில் ‘இப்படிக்கு’ வேண்டும் என்று அதையும் சேர்க்கச் சொன்னேன்.

வியாழன் காலை எட்டு மணிக்கு அவள் போன் அடித்தது. பேசியவன் குரலில் அப்படி ஒரு மரியாதை. மெஷின் கம்பெனியின் சேவைப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்னான். சித்தியின் பெயர் தெரியும், கூடத்தின் பெயர் தெரியும், நூல் அறுந்ததாக மெஷின் சொல்வதும் தெரியும். குழுவில் இருக்கும் பன்னிரண்டாயிரம் பேரில் இந்த வாரம் இலவச உதவிக்கு அவளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். சித்தி போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, விளக்குப் போட்டதுபோல் இருந்தது. ஆறு இலக்க நம்பர் ஒன்று வரும், அதைச் சொன்னால் இங்கிருந்தே மெஷினைச் சரிசெய்துவிடுவோம் என்றான். ‘டிங்’ என்று நம்பரும் வந்தது. எங்கள் அலுவலகத்துச் சுவரில், வருகிற நம்பரை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கை அகலத்துக்கு எழுதி ஒட்டியிருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போகிறேன். அந்த நிமிஷம் எனக்கு அது ஞாபகத்துக்கு வரவே இல்லை. சீக்கிரம் சொல்லு சித்தி என்று நானே அவசரப்படுத்தினேன்.

சித்தி கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளியில் அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் இன்னொன்றும் சொன்னான். “கடைக்குப் போனதும் மெஷின் மிதியை மூணு தடவை மிதிங்கம்மா. ஓட ஆரம்பிச்சிடும்.”

சித்தியின் கை நின்றது. “எந்த மிதி?”

“கால் மிதிதாம்மா. கீழே இருக்குமே.”

“தம்பி, இந்த மெஷின்ல மிதியே கிடையாது.”

“அப்போ அது புது மாடலா இருக்கும். பரவாயில்லம்மா, நீங்க நம்பரைச் சொல்லுங்க” என்றான்.

“இல்லாத மிதியை மிதிக்கச் சொல்ற உனக்கு என் நம்பர் எதுக்குப்பா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

வந்த செய்தியை அப்போதுதான் முழுசாகப் படித்தேன். மெஷினுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சித்தியின் அரட்டைக் கணக்கை வேறொரு போனில் திறப்பதற்கான நம்பர் அது. சொல்லியிருந்தால் அவள் பெயரில் அவளுடைய சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அவன் பேசிப் பணம் கேட்டிருப்பான். குழுவில் போட்டதை அழித்தோம். பார்த்தவர்கள் பார்த்ததுதான், என்றாலும் அழித்தோம். குழுவை விட்டு வெளியே வந்தோம். அவன் நம்பரைத் தடுத்தோம். கணக்குக்கு இன்னொரு ரகசிய எண்ணும் போட்டுப் பூட்டினோம். கூடத்தின் பெயரைச் சொல்லி யாராவது போன் செய்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று முதலாளியிடம் சித்தியே போய்ச் சொன்னாள். அதற்கும் கட்டிங் மாஸ்டர் ஒரு சிரிப்புச் சிரித்தாராம்.

இதோடு போதும் என்பாள் என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வா, இன்னொரு குழு தேடணும் என்றாள். காலையில் ஏமாற இருந்தோமே என்றேன். ஒரு கடையில் வாங்கின துணி சாயம் போனால் அடுத்த கடைக்குத்தான் போவோம், துணி கட்டுறதையா விடுவோம் என்றாள்.

இந்தத் தடவை தேடியது அவள். தட்டியது மட்டும் நான். புதுத் தையல்காரரிடம் துணி கொடுக்கும்முன் என்ன பார்ப்போம், பெயர்ப்பலகையையா என்று கேட்டாள். உள்ளே என்ன தொங்குகிறது, தைத்ததை வாங்கிக்கொண்டு போகிறவன் முகம் எப்படி இருக்கிறது, அதைத்தானே பார்ப்போம்? அப்படியே பார்த்தோம். ஒரு குழுவில் கடைசியாக யாரோ பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. பூட்டின கடை என்று தள்ளினாள். இன்னொன்றில் கேள்வி எல்லாம் இருந்தது, பதில் எல்லாம் எங்களிடம் வாங்குங்கள் என்றே இருந்தது. அதையும் தள்ளினாள். மூன்றாவது, எம்பிராய்டரி மெஷின் ஓட்டுகிறவர்களுக்கான ஒரு கலந்துரையாடல் தளம். எண்ணூறு பேர்தான். பழைய கேள்விகளைப் படித்தால் கீழே பத்துப் பதில், சண்டை வந்த இடத்தில் நடத்துகிறவர் புகுந்து அடக்கியிருக்கிறார், முடிவில் கேட்டவர் திரும்பி வந்து ‘சரியாயிடுச்சு, நன்றி’ என்று எழுதியிருக்கிறார். அந்த நன்றிகளையே சித்தி ஏழெட்டு எண்ணிவிட்டாள்.

ஆனால் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. எழுத வேண்டும் என்றால் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, அவர்கள் சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சல் வந்தது. நாளை மறுநாள் சனிக்கிழமை. சித்திக்கோ அதுவே பிடித்துப்போயிற்று. இதுக்குத்தான்டா கதவு இருக்கு என்றாள். மேலேயே விதிகள் இருந்தன. போன் நம்பர், முகவரி, வேலை செய்யும் இடம் எதையும் எழுதக்கூடாது. எங்கள் பெயரில் யாரும் உங்களுக்குப் போன் செய்ய மாட்டோம். தனியாகப் பேசலாம் வாருங்கள் என்று நச்சரிப்பவரைப் பற்றி எங்களிடம் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

வேறொரு புது மின்னஞ்சல் தொடங்கினோம். என்ன பெயரில் சேர்வது என்பதில்தான் தகராறு. முதலெழுத்தோடு முழுப் பெயர் வேண்டும் என்றாள். ஆகாது என்றேன். பொத்தானக்கா? அது இந்தத் தெருவுக்கே தெரியும் என்றேன். யாரும் கூப்பிடாத பெயராக இருக்க வேண்டும். மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தவள், ‘ஏழாம் ஊசி’ என்றாள். அதில்தான் எப்போதும் சிவப்பு நூல் கோத்திருப்பாளாம், அவளுக்குப் பிடித்த நிறம். முகப் படத்துக்குப் பதில் சிவப்பு நூல்கண்டின் படம். உங்கள் மெஷினில் எத்தனை ஊசி என்பது முதல் கேள்வி, அதற்கு மிதி உண்டா என்பது இரண்டாவது. அதைப் பார்த்ததும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்பது மூன்றாவது. அதற்குச் சித்தி சிரிக்காமல் எழுதினாள்: “மெஷின் நிக்குது. என்னைக் குறை சொல்றாங்க. தப்பு அதுமேலயா என்மேலயான்னு எனக்குத் தெரியணும்.”

நாலு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

நான் வேலை முடிந்து வந்தபோது சித்தி வாசலிலேயே போனோடு நின்றாள். கேள்வி கேட்பதற்கு அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள். நாலு வரியை நிரப்ப வேண்டும். என்ன மெஷின், என்ன ஆகிறது, எந்த நேரத்தில் ஆகிறது, சமீபத்தில் எதை மாற்றினீர்கள். முதல் இரண்டையும் சரசரவென்று அடித்தாள். மூன்றாவதில் நின்றாள். எந்த நேரத்தில் என்று மெக்கானிக்கும் கேட்கவில்லை, முதலாளியும் கேட்கவில்லை, பட்டதாரியும் கேட்கவில்லை. நோட்டை எடுத்தாள். மெஷின் நிற்கும்போதெல்லாம் மணி குறித்து வைத்திருந்தாள். பத்து அஞ்சு, பத்து இருபது, பதினொண்ணேகால், பன்னிரண்டு நாற்பது. பக்கம் பக்கமாகப் புரட்டினோம். ஒரு மணிக்கு மேல் ஒரு நாள்கூட நிற்கவில்லை. மத்தியானத்துக்குமேல் மெஷின் பக்கமே போக விடாமல் வேறு வேலை கொடுத்துவிடுவார்கள், மெக்கானிக் வந்தால்தான் ஓட்டுவது என்பதால் அவளுக்கே இது உறைக்கவில்லை.

நாலாவது வரி, எதை மாற்றினீர்கள். ஒன்றும் மாற்றவில்லையே என்றாள். பிறகு மெதுவாக, “இடத்தை மாத்தினோம்டா” என்றாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று முதலாளி மூன்று வாரத்துக்கு முன்தான் மெஷினை உள் மூலையிலிருந்து ஜன்னலோரம் நகர்த்தியிருந்தார்.

அதையும் எழுதினாள். முடித்ததும் விரல் தானாகப் போய் அவள் பெயரையும் நம்பரில் நாலு இலக்கத்தையும் அடித்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பார்த்துவிட்டாள். தப்பாகப் போட்ட தையலைப் பிரிப்பதுபோல் ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

அனுப்பி ஐந்து நிமிஷம் ஆகவில்லை. ‘நீலநூல்’ என்ற ஒருவர், காலையில் வெயில் எங்கே விழும் என்று கேட்டார். நேராக மெஷினின் தலையில் என்று சித்தி எழுதினாள். உடனே ‘ஒல்லிக்குச்சி’ என்று ஒருவர் குதித்தார்: “அக்கா, உங்க மெஷினுக்குக் கண் கூசுது.” நீலநூல் பொறுமையாக விளக்கினார். நூல் ஓடுகிறதா என்று பார்க்க அந்த மெஷினில் ஒரு சின்ன வெளிச்சக் கண் இருக்கிறது. வெயில் நேராக அடித்தால் அதற்கு நூல் தெரியாது. நூல் அறுந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடும். எதையும் கழற்ற வேண்டாம், கனமான துணியால் ஜன்னலை மறைத்துப் பாருங்கள் என்றார். வேறொரு பெண், அவரும் மெஷின் ஓட்டுகிறவர், ஒன்று சேர்த்துச் சொன்னார். தனியாகச் செய்து பார்க்காதீர்கள், குறை சொன்னவர்களை நிற்க வைத்து, திரையோடு ஒரு தடவை, திரை இல்லாமல் ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள்.

முகம் தெரியாத மூன்று பேர். சித்தி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போய்க் கூடத்துக்கு வெளியே, ஜன்னலுக்கு நேரே தெருவில் நின்றேன். பத்து மணி. நல்ல வெயில். உள்ளே முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டிங் மாஸ்டரிடமே சித்தி கறுப்பு லைனிங் துணி கேட்டாள். மெஷினுக்குத் தாவணி போடப் போறீங்களா என்று அவர் கேட்டது தெருவரை கேட்டது. சித்தி துணியை விரித்து ஜன்னலில் மாட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றேன். மெஷின் தொடங்கியது. பத்துத் தையல், இருபது, ஐம்பது. எண்ண முடியவில்லை. நடுவில் டக்கென்று நின்றதும் என் நெஞ்சும் நின்றது. நிறம் மாற்றுகிற சத்தம் அது, மறுபடி ஓடியது. ஒரு சின்னம் முடிந்தது. இரண்டு. மூன்று.

அப்போது திரை விலகியது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சித்தி நின்றாள். என்னைப் பார்த்தாள், பார்க்காததுபோல் திரும்பிப் பட்டனை அழுத்தினாள். பன்னிரண்டு தையல். நின்றது. திரையைப் போட்டாள், ஓடியது. எடுத்தாள், நின்றது. மூன்றாம் தடவை அவள் திரைமேல் கை வைத்தபோது முதலாளி, “போதும்மா, புரிஞ்சுது. நிறைய தைக்க வேண்டியிருக்கு” என்றார். கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில், அந்த லைனிங்கை இனிமே திருப்பிக் கேக்கலக்கா என்றார்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் இருநூற்று எண்பதும் முடிந்தது. நாற்காலி சித்தியிடமே இருக்கிறது.

அன்று சாயங்காலம் குழுவில் “ஓடுது” என்று ஒரே வார்த்தை எழுதினாள். படம் போடச் சொல்லி ஒல்லிக்குச்சி கேட்டார். சின்னத்தைப் படம் எடுக்கப் போனவள் யோசித்து, அதைத் திருப்பி வைத்தாள். முன்பக்கம் வாடிக்கையாளருடையது, பின்பக்கம்தான்டா நம்மளுது என்றாள். முடிச்சும் நூலுமாக இருந்த அந்தப் பின்பக்கத்துக்கு அறுபத்திரண்டு பேர் கைதட்டினார்கள். அதை அவள் எனக்கு நாலு தடவை காட்டினாள்.

போன வாரம் ஒரு புது ஆள் அங்கே சேர்ந்தான். மெஷின் நிற்கிறது, யாராவது காப்பாற்றுங்கள் என்று எழுதி, கீழே பெயர், நம்பர், கடை விலாசம், விடுமுறை நாள் எல்லாம் வரிசையாகப் போட்டிருந்தான். சித்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையாலேயே போனை எடுத்து, எல்லோருக்கும் முன்னால் பதில் போட்டாள்:

“தம்பி, முதல்ல அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடுங்க. அப்புறம் சொல்லுங்க, எந்த நேரத்துல நிக்குது?”